போட்டான் ஜோடியாக வர வேண்டும்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை வாசலில் நாங்கள் மூன்று பேர். நோயாளியைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவதுதான் வேலை. தவசி அண்ணனுக்கு அனுபவம் அதிகம், எபனேசருக்குக் குரல் அதிகம். மூவரில் நான்தான் புத்திசாலி. மற்ற இருவரைப் பற்றி நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

புது மெஷினில் படம் மங்கலாக விழுகிறது என்று சென்னையிலிருந்து நிலோபர் என்ற இன்ஜினியர் வந்தார். எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"போட்டான் ஜோடியாத்தான் கிளம்பும். ஆளுக்கொரு திசை, நேர் எதிரெதிரா. ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சேர்ந்தாத்தான் மெஷின் கணக்குல எடுக்கும். தனியா வந்தா தள்ளிடும். வழியில எதுலயாவது முட்டிட்டு வந்தா படம் கெட்டுடும்."

வெளியே வந்ததும் தவசி அண்ணன் கேட்டார். "போட்டான்னா யாருடா?"

"போட்டோ எடுக்க வர்றவன் போட்டான்" என்றேன் நான்.

"அப்போ இத்தனை நாளா ஒவ்வொருத்தரா அனுப்பிப் படத்தைக் கெடுத்தது நாமதானா?" எபனேசருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் முதல் ஆள் அரசப்பன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கழுத்தில் கட்டி. அது பரவியிருக்கிறதா என்று படம் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல வேண்டும். மனிதர் நான்கு நாளாகத் தூங்கவில்லையாம்.

"கூட யாரும் வரலையாய்யா?"

"எனக்கு யாரும் இல்ல தம்பி."

"தனியா வந்தா மெஷின் தள்ளிடும்யா."

"முப்பது வருஷம் பஸ்ல இருந்தேன். தனியா வந்தார்னு ஒருத்தரையும் நான் இறக்கிவிட்டதில்ல."

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. பல் பிடுங்க வந்திருந்த ஒருவரைப் பிடித்தோம். அதைத் தள்ளிப்போட அவர் எதற்கும் தயாராக இருந்தார். ஒருவரை நடையின் இந்தக் கோடியிலும் இன்னொருவரை அந்தக் கோடியிலும் நிறுத்தினோம். எபனேசர் குரல் கொடுக்க, இருவரும் ஸ்கேன் அறையை நோக்கி நடந்தார்கள்.

முதல் தடவை பல்வலிக்காரர் நாலு எட்டு முந்திவிட்டார். இரண்டாம் தடவை அரசப்பன் முழங்கால் ஸ்ட்ரெச்சரில் இடித்தது.

"முட்டிட்டார். படம் கெட்டுடும். முதல்லேர்ந்து" என்றார் தவசி அண்ணன்.

ஏழாவது தடவை நிலோபர் மேடம் வெளியே வந்தார். எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். "போட்டான்ங்கிறது மருந்து ஏத்தின உடம்புக்குள்ளேர்ந்து வர்ற ஒளித்துகள். கண்ணுக்கே தெரியாது" என்று மட்டும் சொல்லி, அரசப்பனை உள்ளே அழைத்துப்போனார். போகிற அவசரத்தில் திரும்பிச் சொன்னார். "ஊசி போடப் போறோம். ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும். தாமதம் பண்ணாம ஒரு மணி நேரத்துல கூப்பிடுங்க."

மருந்தின் வீரியத்தைத்தான் சொன்னார் என்பது இப்போது தெரிகிறது.

மேடம் சரிசெய்த மெஷினில் படம் தெளிவாக விழுந்தது. கட்டி பரவவில்லை, சின்ன ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். அரசப்பன் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்களும் அழுதோம், அவர் பாதியாகப்போகிறாரே என்று.

ஊசி போடுமுன் அவர் எடை அறுபத்துநாலு கிலோ. இரண்டு மணி நேரம் முடிந்ததும் நாங்கள் நிறுத்துப் பார்த்தோம். அதே அறுபத்துநாலு.

"எப்படிடா?" என்றான் எபனேசர்.

தவசி அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "அவர் பக்கத்துலயே இருந்தோமில்ல, நாமளும் பாதியாயிட்டோம். எடைமெஷினும் பாதியாயிடுச்சு. அதான் வித்தியாசம் தெரியல."

அன்று மதியம் கேண்டீனில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றரைச் சாப்பாடு வாங்கினோம். சாப்பிட்டும் பசி அடங்கவில்லை.

"வயிறு மட்டும் தப்பிச்சிடுச்சு போல" என்றேன் நான். இருவரும் என் புத்தியை மெச்சினார்கள்.