கட்டிலுக்குக் கீழே செங்கல்

அருளம்மையின் மடம் என்பது இஸ்திரிக்காரர் வீட்டை ஒட்டிய ஓர் அறை. சீடர்களும் அதிகமில்லை. இருந்தவர்களில் மூத்தவர் தணிகாசலம், நகராட்சியில் சாலை இன்ஜினியர், ஓய்வுபெறும் வயது. குரு அவருக்குத் தங்கை வயதுதான். ஆனாலும் 'அம்மா' என்றே கூப்பிடுவார்.

அன்று மாலை முகம் மலர்ந்து வந்தார்.

"இந்தத் தெருவுக்கும் ஒரு விடிவு காலம் வந்தாச்சும்மா. தாரா, சிமெண்ட்டா, பிளாக் கல்லானு முப்பது வருஷத்துக்கு ஒப்பிட்டுப் பார்த்தேன். போடுற செலவு, ஒட்டுப் போடுற செலவு, திரும்பப் போடுற செலவு, எல்லாம் சேர்த்து. சிமெண்ட்தான் லாபம். நாளைக்குக் கையெழுத்து."

"எதையும் விட்டுடலையே?"

"எதை விட்டிருக்கேன்? நீங்களே சொல்லுங்க."

அருளம்மை எழுந்து பக்கத்து வீட்டுக்கு நடந்தார். தணிகாசலமும் பின்னால் போனார்.

ஒரு காலத்தில் படியேறிப் போக வேண்டிய வீடு அது. இப்போது தெருவிலிருந்து இறங்க வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கிற பழக்கம் இந்த ஊரில் கிடையாது. பழசின் மேலேயே புதுசைப் போட்டு, மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உள்ளே ஒரு கட்டில். நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் அடுக்கு. பக்கவாதத்தில் விழுந்த ராஜாமணி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர், இஸ்திரிக்காரர் வரதப்பன், ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி, மறு கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மழைன்னா தண்ணி உள்ள வந்துடுது சார். ரோடு ஏற ஏற நானும் கட்டிலை ஏத்திட்டே வர்றேன். இந்தத் தடவை எவ்வளவு ஒசரம்?"

"ஒரு ஜாண்." தணிகாசலத்தின் குரல் இறங்கியிருந்தது.

வரதப்பன் அவள் தலைக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார். நாலு விரல்தான் நுழைந்தது.

"அப்ப உட்கார வைக்க முடியாதுங்களே. படுக்க வெச்சுக் குடுத்தா புரை ஏறுது."

"தார் போட்டா?" என்று கேட்டார் அருளம்மை.

"ரெண்டு விரல் ஏறும். மூணு வருஷத்துல மறுபடியும் போடணும்."

"பழசைத் தோண்டி எடுத்துட்டா?"

"முடியாதும்மா. ரெண்டு பக்கமும் சாக்கடையை உசத்திக் கட்டியாச்சு. தோண்டினா அது ரோட்டுக்கு வந்துடும்."

தணிகாசலத்துக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வரதப்பன் பக்கம் திரும்பினார்.

"சிமெண்ட்டுன்னா ஒரே தடவைதான். முப்பது வருஷத்துக்கு யாரும் கை வைக்க மாட்டாங்க."

"முப்பது வருஷமா?" வரதப்பன் மனைவியைப் பார்த்தார். "அவ்வளவு நாள் எங்களுக்கு எதுக்குங்க சார்."

ராஜாமணி மெதுவாக விழுங்கினாள். அவள் கண்கள் தணிகாசலத்தின் மேலேயே இருந்தன. அவர் அவசரமாக வெளியே வந்துவிட்டார்.

தெருவில் நின்று குருவிடம் சொன்னார்.

"நான் கையெழுத்துப் போடலைன்னா அடுத்து வர்றவன் போடுவான்மா."

அது பொய்யில்லை. அருளம்மையும் மறுக்கவில்லை.

"ரோடு என்னைக்குப் போடுறாங்க?"

"மழைக்கு முன்னாடி."

"அன்னைக்கு இங்க வாங்க. கட்டிலைத் தூக்கணும்."

"நல்ல ஆளாப் பார்த்து ரெண்டு பேரை அனுப்பறேன்மா."

"ஆள் வேண்டாம். நீங்க வாங்க. அவங்களை இறக்கிப் படுக்க வைக்க அந்த வீட்ல இடமில்லை, மேல வெச்சுக்கிட்டேதான் தூக்கணும். இத்தனை ரோட்டுக்கும் அவர் ஒருத்தரேதான் தூக்கியிருக்கார்."