கடைக்குள்ள சாதா பேச்சு கூடாது

சந்தைப்பேட்டை மூணுமுக்குல அண்ணன்தம்பி மூணு பேரு கீத்துக்கொட்டகை போட்டு வடைக்கடை நடத்துனாங்க. மூணு பேருக்கும் சேத்து ஒரு மூளை இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. வடை சுட்டது என்னவோ அவங்க தங்கச்சி பூவிழிதான். நாலு வயித்துக்கும் அந்தக் கொட்டகைதான் சோறு போட்டுச்சு.

பெரியவன் கந்தப்பன் ஒருநாள் ஏதோ வியாபாரப் பயிற்சிக்குப் போனான். அங்க டை கட்டுன ஒருத்தர், கடைக்குள்ள இருக்கறவரைக்கும் பிசினஸ் பாஷைதான் பேசணும், சாதா பேச்சு கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டார். போச்சு. மறுநாளே வடை 'ப்ராடக்ட்' ஆச்சு, சட்னி 'வேல்யூ அடிஷன்' ஆச்சு. ரெண்டு வடை கேட்ட பெரியவருக்கு, போர்ட்ஃபோலியோவ டைவர்சிஃபை பண்ணச் சொல்லி நடுவுலவன் நீலமேகம் புத்தி சொன்னான். அவர் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டினார். "மார்க்கெட் கரெக்‌ஷன்"னு மூணு பேரும் பெருமையா தலையாட்டிக்கிட்டாங்க. பூவிழிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒருநாள் காலையில அடுப்புப் பொறி பறந்து கூரையும் பத்திக்கிச்சு.

"அண்ணே, கூரையில தீ."

கந்தப்பன் மூஞ்சியச் சுளிச்சான். "சாதா பேச்சு பேசாத தங்கச்சி. மேல ஒரு அப்ட்ரெண்ட் தெரியுதுன்னு சொல்லு."

நீலமேகம் அண்ணாந்து பாத்தான். "ரிஸ்க் இருக்கு. ஆனா க்ரோத் பிரமாதம்."

பூவிழி குடத்தத் தூக்கப் போனா. கடைசி அண்ணன் வரதன் குறுக்க நின்னான். "அது வொர்க்கிங் கேப்பிடல். போர்டு மீட்டிங் போடாம தொடக்கூடாது."

"அது குடத்துத் தண்ணிடா, கூறுகெட்டவனே."

தீயணைப்புக்காவது போன் பண்ணித் தொலைங்கன்னு கத்திட்டு, பூவிழி வேறொரு காலிக் குடத்தத் தூக்கிக்கிட்டு எதுத்த தெரு குழாயடிக்கு ஓடினா. கந்தப்பனும் நின்ன எடத்துலேருந்தே போன் போட்டான். "சார், எங்க கடையில வரலாறு காணாத வளர்ச்சி. நிமிஷத்துக்கு நிமிஷம் மேல போகுது. உடனே வந்து பங்கெடுத்துக்கணும்."

அந்தப் பக்கம் இருந்தவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். லீவு கெடைச்சா குடும்பத்தோட வர்றேன்னு வாழ்த்திட்டு வச்சுட்டார்.

பூவிழி குடத்தோட திரும்பி வர்றதுக்குள்ள கூரை பொசுங்கி, மூங்கில் நாலும் வெளிப்பக்கமா சாஞ்சிருச்சு. அண்ணனுங்க மூணு பேரும் கரி பூசுன மூஞ்சியோட அப்படியே நின்னாங்க. கந்தப்பன் மேல பாத்தான், வானம். சுத்திப் பாத்தான், தெரு.

"நீலமேகம், இப்ப கடை இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப நாம கடைக்குள்ள இல்ல."

"இல்ல."

"பேசலாமா?"

மூணு பேரும் யோசிச்சு, பேசலாம்னு ஒருமனதா தீர்மானம் போட்டாங்க. அப்புறம் ஒரே குரல்ல, "ஐயையோ, தீ!"

கத்தி முடிச்ச கையோட கந்தப்பன் பூவிழி பக்கம் திரும்பினான். "ஏன் தங்கச்சி, இத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டாமா?"