தாயம் வழியாக வந்தவர்கள்

கணிதத்துக்கென்று பலர் கூடி எழுதும் விக்கி ஒன்று இருந்தது. அதில் அணி என்றொரு பக்கம் வாழ்ந்தது. எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிக் கணக்குப் போடும் வித்தை முழுவதும் அதன் வயிற்றில் இருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்த அடுக்குக்கு அணி என்று பெயர். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைப் பள்ளிகளில், அதையே தாயம் என்பார்கள். ஆகவே தாயம் என்றும் ஒரு பக்கம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பெயரைத் தட்டி வருகிறவர்களை அப்படியே அணியிடம் அனுப்பிவைக்கும் வெறும் வழிமாற்று அது.

வயிறு நிறைந்திருந்தும் அணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாயம் வழியாக யார் வந்தாலும் அணியின் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி முளைக்கும்: ‘தாயம் என்பதிலிருந்து வழிமாற்றப்பட்டது.’ அதைக் கண்டாலே அணிக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

“என் வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் உன் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்?” என்று ஒருநாள் சண்டைக்குப் போனது.

“அவர்களுக்குத் தெரிந்த பேர் அதுதானே?” என்றது தாயம். “நான் யாரையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லையே. எல்லாரையும் உன்னிடம்தான் அனுப்புகிறேன்.”

“உள்ளே ஒரு பத்திக்கு வழியில்லை, வாயைப் பார் வாயை!”

அந்த நேரம் பார்த்து நீக்கல் அறிவிப்பு அந்தப் பக்கம் வந்தது. வேண்டாத பக்கத்தின் தலையில் ஏறி உட்காருவதுதான் அதன் பிழைப்பு. அணி அதைக் கூப்பிட்டு, “அதோ, அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாயா? இருந்து என்ன பிரயோசனம்?” என்றது. கேட்ட மாத்திரத்தில் அறிவிப்பு தாவிப்போய்த் தாயத்தின் தலையில் உட்கார்ந்துகொண்டது.

ஒரு பெயரை அழிக்குமுன், வேறு எந்தப் பக்கமாவது அதைச் சுட்டுகிறதா என்று பார்ப்பது அந்த விக்கியின் வழக்கம். நிர்வாகியான நாகர்கோவில் ஜெபசெல்வன் பார்த்தார். ஒன்றும் சுட்டவில்லை. பெயரைத் தாங்களே தட்டி வருகிற மனிதர்கள் அந்தச் சோதனையில் தெரியமாட்டார்கள். அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

“ஒரு சமாச்சாரத்துக்கு எதுக்கு ரெண்டு பேரு? அநாவசியமா கெடக்கு,” என்று நீக்கிவிட்டார்.

தாயம் போகும்போது அணியைத் திட்டக்கூட இல்லை. “வருகிறவர்களுக்கு இனி யார் வழி சொல்வது?” என்று மட்டும் கேட்டது.

அணி கொஞ்ச காலம் ராஜா மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் யாரோ ஓர் அரைகுறை ஆசாமி அதற்குள் நுழைந்து எழுதினார்: ‘எண்களைப் போலவே அணிகளையும் எப்படி வரிசை மாற்றிப் பெருக்கினாலும் விடை ஒன்றே.’

சுத்தப் பொய். அணிக்குச் சோறு தண்ணீர் இறங்காத குறை. பக்கம் தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியாது, அதற்கு மனிதக் கை வேண்டும். வந்தவர்களோ தேர்வு அவசரத்தில் அந்த வரியையும் சேர்த்துப் படித்துவிட்டு ஓடினார்கள். முன்பெல்லாம் இப்படி ஏதாவது புகுந்தால், கடல் தாண்டி வருகிறவர்களில் யாராவது நின்று சரிசெய்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவரையும் இப்போது காணோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அணிக்கு மெல்லப் புரிந்தது.

அப்போதுதான் வவுனியாவில் கணித ஆசிரியை சுகிர்தா முதல் தடவையாக அந்த விக்கிக்கு வந்து, தாயம் என்று தட்டினார். ‘இப்பெயரில் பக்கம் இல்லை. நீங்கள் தொடங்கலாம்,’ என்று வந்தது.

“இஞ்ச பாருங்கோவன், இவ்வளவு பெரிய விக்கியில தாயத்தைப் பற்றி ஒண்டும் இல்லையாம்!” என்றார் கணவரிடம்.

“அப்ப நீர் எழுதுமன்,” என்றார் அவர்.

சுகிர்தா எழுதினார்: ‘தாயங்களை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடையும் பெரும்பாலும் மாறிவிடும்.’

பக்கத்தில் இருந்த அணிக்கு அது எட்டியது. “அம்மா, இங்கே வாருங்கள்! அதே வரியை எனக்குள்ளும் எழுதுங்கள்!” என்று அலறியது.

மனிதரைக் கூப்பிடப் பக்கங்களுக்குக் குரல் இல்லை, பெயர் ஒன்றுதான் உண்டு. சுகிர்தாவுக்குத் தெரிந்த பெயரை அழிக்கச் சொன்னது அணியேதான்.

சுகிர்தா எழுதியதைச் சேமித்துவிட்டுக் கணினியை மூடினார். இங்கே அணியில், மறுநாள் தேர்வெழுத வேண்டிய ஒரு பெண், அந்தப் பொய் வரியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.