மேல்கோடு இல்லாத வரைபடம்

அந்தக் காலத்தில், நாமெல்லாம் வரைபடத்தை விரித்துப் பகடையை உருட்டிக்கொண்டு வாடைநாட்டுக்குள் விளையாடப் போவதற்கு ரொம்ப ரொம்ப முன்னால், அங்கே பறவைகள் பேசின, மலைகளும் பேசின. பேசினால் பரவாயில்லை. மலைகள் நடக்கவும் செய்தன, நிலமும் கூடவே நகர்ந்தது. அதுதான் தொல்லை.

வாடைநாடு வடக்கே இருக்கிறது. வருஷம் முழுக்கப் பனி. பார்க்க அழகாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், மூக்கு நுனி கறுத்து விழுந்துவிடும். அங்கே பல்லுக்கிட்டி என்று ஒரு மலை. பக்கத்தில் போனாலே பல் கிட்டிப்போகும், அதனால் அந்தப் பேர். அதன் இடுப்பில் இருக்கிற வழிக்கு மூக்கறுப்பான் கணவாய் என்று பேர். வடக்கே போகவும் வரவும் அந்த ஒரு வழிதான். தெற்கே தூங்கா ஏரி. எல்லாம் உறைந்தாலும் அது மட்டும் உறையாது.

பல்லுக்கிட்டிக்குத் தாகம் எடுத்தால் எழுந்து ஏரிக்குப் போய்விடும். கணவாயும் கூடவே போய்விடும். திரும்பி வந்து எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாது. காலையில் இருந்த வழி சாயங்காலம் இருக்காது. வெளியே போனவர்கள் வீடு திரும்புவது அவரவர் அதிர்ஷ்டம்.

ஏரிக்கரையில் கோடை, தூவி என்று அக்காளும் தங்கையும் இருந்தார்கள். கோடை மூத்தவள். வெயிலையே பார்க்காத ஊரில் பிள்ளைக்குக் கோடை என்று பேர் வைத்திருக்கிறாள் அவர்கள் அம்மா. என்ன ஆசையோ. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இவள், இவளுக்கு அவள். வேறு யாரும் இல்லை.

ஒரு நாள் விளக்குக்குக் கொழுப்பு தீர்ந்துபோனது. வடக்கே பனிவெளிக்கு அப்பால் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியிருப்பதாக அண்டங்காக்கை வந்து சொன்னது. கோடை சறுக்குவண்டியை வெளியே இழுத்தாள்.

“நானும் வரேன் அக்கா.”

“நீயும் வந்துட்டா வீட்டை யார் பார்ப்பா, கரடியா? பத்தே நாள். வந்துடுவேன்.”

“போன தடவையும் பத்து நாள்னுதான் சொன்னே. ஒரு குளிர்காலம் முழுக்க ஆச்சு.”

“மலை எழுந்து போனா நான் என்னடி பண்ணட்டும்? மலைகிட்டப் போய்ச் சண்டை போடு.”

போய்விட்டாள்.

பத்து நாள் ஆனது. இருபது ஆனது. தூவி இரண்டு பேருக்கு மீன் சுட்டு ஒருத்தியாகத் தின்றாள். அக்காவின் படுக்கைப் பக்கம் கால் நீட்டாமல் தூங்கினாள். சண்டை போட ஆள் இல்லாமல் வாய் நமநமத்தது. முப்பதாம் நாள், அக்கா சொன்னபடியே மலையிடம் போனாள்.

மலைகளுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது தன்னை வரைந்தால், வரைந்து முடிகிறவரை ஆடாமல் நிற்கும். வரைந்த படத்துக்கு நாலு பக்கமும் கோடு போட்டு அடைத்துவிட்டால், அப்புறம் அந்த மலையால் எழுந்திருக்கவே முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை.

“ஒரே இடத்தில் நில்லுங்க பல்லுக்கிட்டியாரே,” என்றாள் தூவி. “உங்களை வரையறேன்.”

“நின்னா தாகத்துக்கு என்ன பண்றது?”

“ஏரியை உங்க காலடியில் வரையறேன். கோடு போட்டு முடிச்சதும் அது அங்கேயே வந்துடும். உட்கார்ந்த இடத்தில் குடிக்கலாம்.”

மலை யோசித்தது. அதற்கும் முட்டி வலி. “சரி. ஆனா சீக்கிரம் முடி. இப்பவே தொண்டை காயுது.”

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கடல்நாய்த் தோல், அக்காவின் படுக்கையில் விரித்தது. அதை எடுத்தாள். கரியை மீன் எண்ணெயில் குழைத்தாள். எலும்பு ஊசியால் தொட்டுத் தொட்டு வரைய ஆரம்பித்தாள். முதலில் தன் வீட்டை வரைந்தாள், உள்ளங்கை அளவுக்கு. அக்கா எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வீடு கண்ணில் படவேண்டும் இல்லையா? பிறகு ஏரி, அதையும் பெரிதாக. பிறகு பல்லுக்கிட்டி, கணவாய். கணவாயை வரைந்து முடித்தபோது மேலே, வடக்குப் பக்கம், தோல் முடிந்துவிட்டது.

அண்டங்காக்கை பறந்து வந்து அவள் தோளில் இறங்கியது. “உங்க அக்காவைப் பார்த்தேன். பனிவெளியில் வண்டியை இழுத்துக்கிட்டு வரா. வண்டி நிறையக் கொழுப்பு. கணவாய்க்கு ரெண்டு நாள் நடைதான்.”

தூவி ஊசியைக் கரியில் தோய்த்தாள். இடது பக்கம் கோடு போட்டாள். வலது பக்கம் போட்டாள். கீழே போட்டாள்.

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. “பனிவெளி எங்கேடி?”

“இடம் இல்லை.”

“இடம் இல்லையா? நாடு அங்கே முடியலையேடி. உன் தோல்தான் முடியுது.”

“தெரியும், சும்மா இரு.”

“இன்னொரு தோல் கொண்டுவந்து தைச்சு, அதையும் வரை. இல்லை, அவ வீடு வந்து சேர்ந்தப்புறம் மேல்கோட்டைப் போடு. அவசரப்படாதே.”

அப்போது மலை முனகியது. “முடிச்சியா இல்லையா? என்னால முடியலை, நான் கிளம்பறேன்.” அதன் ஒரு பக்கம் தரையை விட்டு எழும்பியது. கணவாய் கோணலாகத் திரும்பியது.

“இருங்க, இருங்க! இப்போ போனா அக்கா எந்த வழியா வருவா?”

“அடியே, கோட்டைப் போடாதே!” என்று காக்கை கத்தியது.

“அவ வரணும்னுதானே போடறேன்!”

மேல்கோட்டை இழுத்துவிட்டாள்.

மலை பொத்தென்று உட்கார்ந்தது. ஏரி நகர்ந்து அதன் காலடிக்கு வந்தது. வாடைநாடு முழுக்க நின்றுபோனது. தூவி, “பல்லுக்கிட்டியாரே, சௌகரியமா?” என்று கேட்டாள். பதில் இல்லை. நடை போனபோது மலைகளுக்குப் பேச்சும் போய்விட்டது. அதைப் பற்றி அவள் ரொம்பக் கவலைப்படவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அவள் அக்கா வரப்போகிறாள்.

இரண்டாம் நாள் கணவாயில் போய் நின்றாள். பனிவெளியில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி வண்டியானது, வண்டிக்கு முன்னால் அக்கா.

“தூவீ! பானையை அடுப்பில் வை! வந்துட்டேன்!”

“ஓடி வாக்கா!”

கோடை ஓடினாள். ஓடிக்கொண்டே இருந்தாள். கிட்டே வரவில்லை.

“ஓடி வான்னு சொன்னேன் இல்ல!”

“ஓடித்தாண்டி வரேன்! கண்ணு தெரியலையா?”

தூவி முன்னால் ஓடினாள். நெற்றியில் எதுவோ இடித்தது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் காற்று. காக்கை பறந்து பார்த்தது. அதுவும் மோதி விழுந்தது. தூவியும் காக்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காக்கை ‘அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. நல்ல காக்கை.

தூவி வீட்டுக்கு ஓடினாள். மீன் அறுக்கிற கத்தியை எடுத்து மேல்கோட்டைச் சுரண்டினாள். கரி தோலுக்குள் ஊறியிருந்தது, போகவில்லை. தோலின் மேல்விளிம்பையே கோட்டோடு சேர்த்து அறுத்து அடுப்பில் போட்டாள். திரும்பக் கணவாய்க்கு ஓடினாள்.

தடை போய்விட்டது. வடக்கிலிருந்து காற்று உள்ளே பாய்ந்தது. ஆனால் தோலுக்கு வெளியே இருந்த பனிவெளியை யாரும் வரையவில்லையே. ஒருமுறை நின்ற வாடைநாடு நின்றதுதான், பனிவெளி மட்டும் பழையபடி நடந்தது. தனியாக விடப்பட்ட மாடு மாதிரி அது வடக்குப் பார்த்துப் போனது. கோடை இந்தப் பக்கம் நடக்க, அவள் காலுக்குக் கீழே இருந்த நிலம் அந்தப் பக்கம் நடந்தது.

“என்னடி ஆச்சு?” கோடையின் குரல் முன்னை விடத் தூரத்தில் கேட்டது.

“தப்புப் பண்ணிட்டேன் அக்கா!”

“வந்து திட்டறேன்! நீ வழியை மட்டும் மூடிடாதே!”

“மூடமாட்டேன்!”

வண்டி புள்ளியானது. அப்புறம் புள்ளியும் இல்லை.

தூவி ஊரெல்லாம் அலைந்து ஏழு தோல் வாங்கி வரைபடத்தின் மேல்விளிம்பில் தைத்தாள். காக்கை பறந்து போய்ப் பனிவெளி இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வரும். அது வந்து சொல்வதற்குள் பனிவெளி வேறு எங்கேயோ போயிருக்கும். ஏழு தோலும் வெள்ளையாகவே கிடந்தன. தானே கிளம்பிவிடலாம் என்று ஒரு நாள் வண்டியைக்கூடக் கட்டினாள். “நீயும் போயிட்டா, அவ வரும்போது இங்கே யாரு இருப்பா?” என்றது காக்கை. வண்டியை அவிழ்த்துவிட்டாள்.

வாடைநாட்டை அதற்குப் பிறகு வரைந்தவர்கள் எல்லோரும் தூவியின் தோலைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். புதிதாக விளையாட வருகிறவர்கள் வரைபடத்தை விரித்ததும், “மேலே கோடு விட்டுப்போச்சே” என்று பேனாவை எடுப்பார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். அன்று முதல்தான் வாடைநாட்டுக்கு மூன்று பக்கம் மட்டும் எல்லை. வடக்குப் பக்கம் திறந்தே கிடக்கிறது, கோடை இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறாள்.