இத்தாலி கிளாம்ப்

புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய நாள், தணிகாசலத்தின் மாடிப்படியில் கண்ணாடித் தடுப்பைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்றைக் காணவில்லை. பழி, படி துடைத்த மாரிக்கொழுந்தின் மேல் விழுந்தது.

"இத்தாலியிலேருந்து வரவழைச்சது. அதே மாதிரி ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள வரணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

சற்று நேரத்தில் அவள் ஒரு கிளாம்பை நீட்டினாள். உறவினர்கள் கூடியிருந்த கூடத்தில் அவர் அதை உயர்த்திக் காட்டினார்.

"தெருமுனைக் கடைச் சரக்கு. இத்தாலி சாமான் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"கடைக்கு இன்னும் போகலீங்க ஐயா. கடையிலே மாதிரி கேப்பாங்களேன்னு உங்க மேல்படியிலேருந்து கழட்டினேன், உங்ககிட்ட காட்டிட்டு எடுத்துட்டுப் போகலாம்னு. தெருமுனையிலேயே கிடைக்கும்னா இதோ வாங்கியாறேன்."

மைத்துனர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சீக்கிரம் போயிட்டு வா," என்றார் தணிகாசலம், தாழ்ந்த குரலில். "நாளைக்குக் காலையிலே நிறைய வேலை இருக்கு."