திலகவதி பாட்டை நிறுத்தியது

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உலகம்மைக்கு அழுகை வந்துவிட்டது. மகள் திலகவதி அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடி நின்றாள்.

உள்ளே பொன்னம்பல சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே உலகம்மைக்குப் பதிகம் சொல்லிக்கொடுத்தவர் அவர். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறதில்ல சாமி, வீட்டுலயே வச்சுச் சொல்லிக்கொடுக்கப் போறேன்" என்று அவள் முன்பொரு நாள் வந்து நின்றபோது, அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மற்ற எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். புருஷன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தான். பரீட்சை எழுதாத பிள்ளையை எவன் கட்டுவான் என்று நாத்தனார் கேட்டாள். உலகம்மை அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாம் இருக்கிறது, சாமி மட்டும் இல்லை என்றாள். பூசை அறையில் பாயை விரித்தாள். வில்வ இலையை எண்ணிக் கணக்கு. கோயில் கோயிலாகச் சொல்லி ஆறும் ஊரும். அக்காள் கொடுத்த நீற்றால் தம்பியின் சூலைநோய் தீர்ந்த கதையைச் சொல்லி, "அந்த அக்கா பேருதான் உனக்கு" என்பாள்.

திலகவதி கண்ணை மூடிப் பாடினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். தம்பி சேந்தன் அவள் மடியில் தலைவைத்து, ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லை மட்டும் கூடச் சொல்லுவான்.

ஆடி மாதம் வந்த காய்ச்சலில் சேந்தன் போய்விட்டான்.

"வருஷம் திரும்பப் போகுது சாமி" என்றாள் உலகம்மை. "அன்னைக்குப் பாட்டை நிறுத்தினவ இன்னும் பாட வாயைத் திறக்கல. நீறு பூச மாட்டேங்கா. பூசை அறைக்குள்ள கால் வைக்க மாட்டேங்கா. பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளையை நீட்டினாக்கூட வாங்காம ஓடிருதா."

சாமி கீரைத்தண்டை ஒடித்தார்.

"கெஞ்சிப் பாத்தேன். போன வாரம் அடிச்சிட்டேன்."

"எதுக்கு அடிச்சே?"

"தம்பி போயிட்டான்னு சாமி மேல கோவிச்சுக்கிடுதியே, பெத்தவ நானே கும்பிடலையான்னு கேட்டு அடிச்சேன்."

"அதுக்கு அவ?"

"அழக்கூட இல்ல. கையைக் கட்டிக்கிட்டு வாங்கிக்கிட்டா."

சாமி வாசலைப் பார்த்தார். திலகவதி இன்னும் அங்கேயே நின்றாள்.

"பிள்ளையைத்தான் சுடுகாட்டுக்குக் கொடுத்தேன். இவ நம்பிக்கையையும் அவனோட சேத்துக் கொடுத்துட்டேனே சாமி. பாலோட சேத்து ஊட்டினேனே. எங்க தப்புப் பண்ணினேன்?"

அவர் திலகவதியைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கூடமாட ஆய்ஞ்சு கொடு தாயீ" என்றார். அவள் வந்து உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் கீரை ஆய்ந்தார்கள். உலகம்மைக்குப் பொறுமை போனது. இதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு திருநீற்று மடலை எடுத்தார்.

"ரெண்டு நாளா மண்டையிடி. கொஞ்சம் பூசி விடுதியா?"

திலகவதி சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஏட்டி, சாமியே கேக்காரு! பூசு!"

சாமி உலகம்மையைக் கையமர்த்தினார். "ஏன் தாயீ?"

"நான் பூசினா சரியாகாது."

"அப்படின்னு யாரு சொன்னா?"

பெண் தரையைப் பார்த்தாள். "அம்மா தம்பியைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொன்னா. மனசு அங்க இங்க போகாமப் பாடு, நான் வாரது வரைக்கும் நிறுத்தாதே, தம்பி பொழைச்சிருவான்னு."

"பாடினியா?"

"பாடினேன்."

"நடுவுல நிறுத்தினியா?"

"இல்ல."

அவள் ஒரு கீரை இலையை எடுத்தாள். அதைக் கிழித்தாள். கிழித்ததை மறுபடி கிழித்தாள்.

"நடுவுல பசிச்சிது சாமி. சோத்தை நெனச்சிட்டேன்."

உலகம்மைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். சேந்தனுக்குத் துட்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதிருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரம் வரை அக்காக்காரி எழுந்திருக்காமல் பாடினாள், என் பிள்ளையின் பக்தியைப் பாருங்கள் என்று. அன்று காலையிலிருந்து அந்தப் பிள்ளைக்கு யாரும் சோறு போடவில்லை என்பது இப்போதுதான் அவள் நினைவில் ஏறியது.

சாமி மெதுவாகக் கேட்டார். "இப்போ பசிக்குதா?"

"இப்பல்லாம் பசிக்கிறதில்ல."

உலகம்மை பாய்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "அப்படி இல்லட்டி! உன்னால ஒண்ணுமில்ல. அது விஷக்காய்ச்சல். டாக்டரே கையை விரிச்சிட்டாரு. அம்மா சும்மா சொன்னேன்ட்டி."

பிடிக்குள் அந்த உடம்பு கட்டையாக இருந்தது.

"சும்மாவா?"

"ஆமா. பயத்துல என்ன சொல்றோம்னு தெரியாமச் சொல்லிட்டேன். நீ பாடினாலும் பாடாட்டாலும் அவன் போயிருப்பான். அது வேற, இது வேற."

திலகவதி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். வருஷம் முழுக்க அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்போ மத்ததெல்லாம்?"

"எது?"

"நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம்."

உலகம்மை வாயைத் திறந்தாள். பாய் விரித்து உட்கார்ந்த அத்தனை காலைகளிலும் மகள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்திருக்கிறது. இன்று ஒரு சொல் வரவில்லை. மகள் காத்திருந்தாள். பிறகு அம்மாவின் கைகளை ஒவ்வொன்றாக விலக்கி எழுந்து, முன்பு நின்ற இடத்துக்கே போய் நின்றுகொண்டாள்.

உலகம்மை சாமியின் காலடியில் விழுந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. என் பேச்சு போச்சு. நீங்க சொன்னா நம்புவா."

சாமி மடலைக் கீழே வைத்தார்.

"சொன்னா நம்பிருவா உலகம்மை, அன்னைக்கு உன்னை நம்பின மாதிரியே. அதான் பயமா இருக்கு."