அங்கயற்கண்ணி விதி

அங்கயற்கண்ணி புகழ்பெற்ற இயற்பியலாளர். விண்வெளியிலிருந்து ஓயாமல் பூமியில் விழும் கதிர்களைப் பற்றி இளம் வயதிலேயே அவர் ஒரு விதியைச் சொன்னார். மிக வலிமையான கதிர்கள் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாகவே வருகின்றன என்பது அந்த விதி. பாடப்புத்தகங்களில் அதற்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த தங்கையா அவரைவிட வயதில் மூத்தவர். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியல் நடத்தியவர். அந்த விதியை வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தவருக்கு, ஒருநாள் அதைத் தானே அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேலையை விட்டுவிட்டு வந்தார். பேரன் எடுக்கிற வயதில் படிக்கப் போகிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். அங்கயற்கண்ணி சிரிக்கவில்லை. நீலகிரியில் ஒரு மலைச்சரிவைக் காட்டி, கருவிகளை இங்கே வையுங்கள் என்றார்.

கதிர் பாய்ந்தால் மெல்ல ஒளிரும் நீர்த்தொட்டிகளைத் தங்கையா அந்தச் சரிவு முழுக்கப் பரப்பினார். மழையில் கம்பிகள் அறுந்தன. காட்டெருமைகள் வேலியைச் சாய்த்தன. ஒவ்வொரு முறையும் திரும்பச் சரிசெய்தார். சில வருஷங்களில் வேண்டிய அளவு கணக்கு சேர்ந்தது.

ஆனால் கணக்கு சமமாக வரவில்லை. தென்வானத்திலிருந்து கதிர்கள் கொஞ்சம் அதிகமாக வந்துகொண்டிருந்தன.

பிழை தன்னுடையதுதான் என்று தங்கையா நம்பினார். தெற்கே இருந்த தொட்டிகளை வடக்கேயும், வடக்கே இருந்தவற்றைத் தெற்கேயும் மாற்றி வைத்தார். மறுபடி அளந்தார். அப்போதும் தெற்கிலிருந்துதான் அதிகம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு பெரிய மாநாடு ஏற்பாடாகியிருந்தது. பல நாட்டு இயற்பியலாளர்கள் கூடுகிறார்கள். அதே விதிக்காக அங்கயற்கண்ணிக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறார்கள். தலைமை உரையும் அவருடையதுதான். அதெல்லாம் முடியட்டும் என்று தங்கையா சில நாள் பேசாமல் இருந்து பார்த்தார். முடியவில்லை. அங்கயற்கண்ணியின் அறைக்குப் போனார்.

"மேடம், ஆசிரியர் சொன்னது தப்புன்னு மாணவன் எப்படிச் சொல்றது?"

"எந்த ஆசிரியர்?"

"நீங்கதான்."

அங்கயற்கண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சாயங்காலம் வரை இருவரும் கணக்கைப் பார்த்தார்கள். மழையால் இருக்குமா, வெயிலால் இருக்குமா, சரிவின் சாய்வால் இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கையாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் அங்கயற்கண்ணி கணக்குத் தாள்களை அடுக்கி வைத்தார். 

"பதக்கம் வாங்கினதுக்கப்புறம் சொல்லலாம்னு நினைச்சீங்களா?"

"நினைச்சேன்."

"அப்புறம்?"

"சோறு இறங்கல மேடம்."

 மாநாட்டுக்கு வந்துவிடுங்கள், கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கயற்கண்ணி சொன்னார்.

மாநாட்டு அரங்கம் நிறைந்திருந்தது. அங்கயற்கண்ணியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மேடையேறி, பதக்கம் இருக்கட்டும், தன் விதியைப் பற்றிப் பேசத் தன்னைவிடத் தகுதியான ஒருவர் வந்திருக்கிறார், தான் அதைச் சொன்னதோடு சரி, அளந்து பார்த்தவர் அவர்தான் என்றார். தங்கையாவை மேடைக்கு அழைத்துவிட்டு, கீழே இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

தங்கையா மேடையில் ஏறினார். பழைய கல்லூரி வகுப்பில் நிற்பதாக நினைத்துக்கொண்டார். பேச்சு தானாக வந்தது. தென்வானம் மட்டும் அடர்ந்து தெரியும் படத்தை அவர் திரையில் காட்டியதும் அரங்கில் சலசலப்பு எழுந்தது.

முதலில் உயர்ந்த கை அங்கயற்கண்ணியுடையது.

அவர் கேட்ட கேள்விகள் அவருடைய அறையில் கேட்டவை அல்ல. அதற்குப் பிறகு யோசித்து வைத்திருந்தவை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமாக இருந்தது. தன் விதியைக் காப்பாற்றப் போராடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொல்ல முடியாது.  தங்கையா பலகைக்குப் போய், வரி வரியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அங்கயற்கண்ணி அதைக் கடைசி வரி வரை படித்தார். கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் கைதட்டல் அவருடைய பெயரைச் சொன்னபோது எழுந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

வெளியே வந்ததும் தங்கையாவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. விலக்கிக்கொண்டு ஆசிரியரைத் தேடிப் போனார். அவர் வாசலில் நின்றிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மேடம், உங்க விதி போயிடுச்சே. வருத்தமா இல்லையா?"

"முதல் நாள் வலிச்சுது" என்றார் அங்கயற்கண்ணி. "என் விதி சரியா இருந்தா, வானத்துல எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒண்ணுதான். இப்பதான் சார், இதெல்லாம் எங்கிருந்து வருதுன்னு நமக்குத் தேடிப் பார்க்க ஒரு இடம் கிடைச்சிருக்கு."